ஹேண்டில்பாரில் மாட்டும் பவர் மீட்டர் எதை அளக்கிறது?

காலால் மிதிக்கிற சைக்கிளில், கை வைக்கிற இடத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டு, "நீங்கள் இப்போது 210 வாட் மிதிக்கிறீர்கள்" என்று அது சொன்னால் யாருக்குமே சந்தேகம் வரும். மிதியில் ஒன்றும் இல்லை, மிதியைத் தாங்கிச் சுற்றும் கிராங்கில் ஒன்றும் இல்லை, பின்சக்கரத்திலும் ஒன்றும் இல்லை. அப்புறம் எப்படி இதற்குத் தெரிந்தது?

இந்தக் கேள்விக்குச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மத்தியில் மூன்று விதமான பதில்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. "அது ஏமாற்று வேலை, ஏதோ ஒரு எண்ணைக் காட்டும்" என்பது ஒன்று. "ஹேண்டில்பாரை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதை வைத்துச் சொல்கிறது" என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் அதிகம் கேட்பது: "போனில் இருக்கிற ஆப் காட்டும் வாட்டும் இதுவும் ஒன்றுதான், எதற்குக் காசு செலவழிக்க வேண்டும்?" மூன்றும் தவறு. ஆனால் மூன்றாவது பதிலில் பாதி உண்மை கலந்திருக்கிறது, அதனால்தான் குழப்பம் தீராமல் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடலாம். ஹேண்டில்பாரில் திரையோடு உட்கார்ந்திருக்கும் கார்மின், வாஹூ போன்ற சைக்கிள் கம்ப்யூட்டர் பவர் மீட்டர் அல்ல. வேறு எங்கோ இருக்கும் பவர் மீட்டர் அனுப்பும் எண்ணை வாங்கிக் காட்டுவதுதான் அதன் வேலை. நான் பேசுவது ஹேண்டில்பாருக்கு முன்னால், பார்ப்பதற்கு ஒரு சின்ன முன்விளக்கைப் போலத் தொங்கும் கருவியைப் பற்றி. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த வெலோகாம்ப் நிறுவனம் ஐபைக் என்ற பெயரில் இந்த வகையை முதலில் பரவலாக விற்றது. 2015இல் அதே நிறுவனம் கொண்டுவந்த பவர்பாட் பலருக்கும் தெரிந்த பெயர்.

வாட் என்றால் என்ன?

வேகத்தைப் பார்த்தால் எவ்வளவு கடினமாக மிதிக்கிறோம் என்று தெரியாது. எதிர்க்காற்றில் 22 கிலோமீட்டர் வேகம் உயிரை வாங்கும், இறக்கத்தில் 45 சும்மா வரும். இதயத்துடிப்பைப் பார்க்கலாம், ஆனால் அது தாமதமாக ஏறும், வெயிலில் கூடும், தூக்கம் போதாத நாளில் வேறு மாதிரி இருக்கும். உடம்பு எப்படி உணர்கிறது என்பதைத்தான் அது சொல்கிறதே தவிர, சைக்கிளுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைச் சொல்வதில்லை.

கொடுத்ததைச் சொல்வதுதான் திறன். ஒரு விசையை எவ்வளவு வேகமாகச் செலுத்துகிறோம் என்பதே அது, விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. அதன் அலகு வாட். 20 கிலோ எடையை ஒவ்வொரு விநாடியும் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டே இருந்தால் அது ஏறத்தாழ 200 வாட். ஒரு மணி நேரம் சராசரியாக 200 வாட் மிதித்தால் சைக்கிளுக்குள் போன ஆற்றல் 720 கிலோஜூல். மனித உடம்பு தான் எரிப்பதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் மிதிக்கு அனுப்புகிறது, மீதி வெப்பமாகப் போகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் நீங்கள் எரித்தது சுமார் 700 கிலோகலோரி. கிலோஜூல் எண்ணும் கிலோகலோரி எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக வருவது தற்செயல்தான், ஆனால் மிகவும் வசதியான தற்செயல்.

சரி, விசையும் வேகமும் தெரிந்தால் வாட் தெரிந்துவிடும். வேகத்தை அளப்பது சுலபம். விசையை எங்கே அளப்பது என்பதில்தான் பவர் மீட்டர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன.

பர்ஸைப் பார்ப்பதா, பில்லைக் கூட்டுவதா?

ஒரு வீட்டில் மாதம் எவ்வளவு பணம் செலவானது என்று தெரிய வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. பர்ஸைத் திறந்து, எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம். அல்லது பர்ஸைத் தொடாமல், மளிகைக் கடை பில், பால் பில், மின்கட்டணம், வாடகை எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கூட்டலாம். எந்தப் பில்லும் விட்டுப்போகாமல் இருந்தால், எல்லாப் பில்லிலும் விலை சரியாக இருந்தால், இரண்டும் ஒரே தொகையைத்தான் காட்ட வேண்டும்.

மிதியிலோ கிராங்கிலோ பொருத்தும் பவர் மீட்டர் பர்ஸைப் பார்க்கிறது. நீங்கள் மிதிக்கும்போது கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. உலோகத்தில் ஒட்டிய மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று அந்த வளைவுக்கு ஏற்ப மின்தடையை மாற்றிக்கொள்கிறது. இதற்குத் திரிபுமானி என்று பெயர். மின்தடை எவ்வளவு மாறியது என்பதிலிருந்து விசை தெரிகிறது. ஜெர்மனியில் உல்ரிச் ஷோபெரர் 1986இல் தொடங்கிய எஸ்ஆர்எம் இந்த வழியில்தான் கிராங்க் பவர் மீட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, இன்றும் பெரும்பாலான மீட்டர்கள் இதே கொள்கையில்தான் வேலை செய்கின்றன.

ஹேண்டில்பார் மீட்டர் பில்களைக் கூட்டுகிறது. உங்கள் காலைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. சைக்கிளை எவையெல்லாம் எதிர்க்கின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றையும் சமாளிக்க எவ்வளவு விசை தேவை என்று கணக்கிட்டு, எல்லாவற்றையும் கூட்டி, வேகத்தால் பெருக்குகிறது. சைக்கிள் இந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்றால் அந்த எதிர்ப்பையெல்லாம் யாரோ ஈடுகட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது நீங்கள்தான், வேறு எஞ்சின் கிடையாது. எதிர்விசைப் பவர் மீட்டர் என்று இந்த வகையைச் சொல்வது அதனால்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வாட் என்பது விசை பெருக்கல் வேகம். கிராங்க் மீட்டர் நீங்கள் கொடுக்கும் விசையை நேராக அளக்கிறது. ஹேண்டில்பார் மீட்டர் உங்களை எதிர்க்கும் விசைகளைக் கூட்டி அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. அது எண்ணை இட்டுக்கட்டவும் இல்லை, உங்கள் கைப்பிடியை அளக்கவும் இல்லை.

நான்கு செலவுகள்

ஓட்டுநர், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதரையில், காற்றே இல்லாத நேரத்தில், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம். விநாடிக்கு 10 மீட்டர் என்பதால் கணக்குப் போட எளிது.

பெரிய செலவு காற்று. காற்றைப் பிளந்துகொண்டு போக எவ்வளவு விசை வேண்டும் என்பது மூன்றைப் பொறுத்தது: காற்றின் அடர்த்தி, உங்கள் உடம்பும் சைக்கிளும் காற்றுக்குக் காட்டும் முகம், காற்று உங்களை வந்து அடிக்கும் வேகம். இரண்டாவதாகச் சொன்ன முகத்துக்கு ஓட்டுநர்கள் சிடிஏ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு பரப்பு, எவ்வளவு வழுக்கலான வடிவம் என்ற இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது அது. ரோடு சைக்கிளில் பிரேக் லீவர் மேல் கை வைத்து ஓட்டும் ஒருவருக்கு 0.32 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், நம் ஊர் வெப்பத்தில் இந்த வேகத்தில் காற்று எதிர்ப்பு சுமார் 18.4 நியூட்டன். பத்தால் பெருக்கினால் 184 வாட். காற்றுக்கு மட்டும்.

இந்தச் செலவு ஏறும் விதம் பலருக்குப் புரிவதில்லை. வேகம் கூடக்கூட எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. அதை மறுபடியும் வேகத்தால் பெருக்குவதால் வாட் மும்மடியாகக் கூடுகிறது. 30இல் இருந்து 36க்குப் போவது வேகத்தில் 20 சதவீதம்தான், காற்றுக்கான வாட்டில் 70 சதவீதத்துக்கும் மேல். "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாம்" என்று குழுவில் ஒருவர் சொல்லும்போது பின்னால் இருப்பவர் முகம் மாறுவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது சாலை. டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அதில் ஆற்றல் வீணாகிறது. நல்ல தார்ச்சாலையில் இதற்குச் சுமார் 39 வாட். இரண்டையும் சேர்த்தால் 223. அதில் பத்தில் எட்டுப் பங்கு காற்றுக்கே போகிறது.

மூன்றாவது ஏற்றம். ஏற்காடு போன்ற மலைப்பாதையில் 6 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டர் போனால் 6 மீட்டர் உயரும் இடத்தில், மணிக்கு 11 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். எடையைத் தூக்க 141 வாட், டயருக்கு 12, காற்றுக்கு வெறும் 5. சமதரையில் ராஜாவாக இருந்த காற்று மலையில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுகிறது. கருவியின் பிழைகளைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் தேவைப்படும்.

நான்காவது வேகத்தைக் கூட்டுவதற்கான செலவு. 18இல் இருந்து 36 கிலோமீட்டருக்கு 10 விநாடியில் போனால், அந்த 10 விநாடிக்கும் சராசரியாக 300 வாட் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். சிக்னலில் நின்று நின்று போகும் நகரப் பயணம் ஏன் இவ்வளவு களைப்பாக இருக்கிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

இவற்றோடு செயினிலும் பேரிங்கிலும் வீணாகும் சில சதவீதமும் உண்டு. அதைக் கருவி அளப்பதில்லை, இவ்வளவு இருக்கும் என்று ஒரு நிலையான எண்ணாக எடுத்துக்கொண்டு சேர்த்துவிடுகிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

முன்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கிறது. பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் கருவியின் உயிர் அதில்தான். பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி பிட்டோ 1732இல் சென் ஆற்றின் ஓட்ட வேகத்தை அளக்க வளைந்த ஒரு குழாயை நீரில் இறக்கினார். ஓடும் நீர் குழாய் வாயில் மோதும்போது உள்ளே நீர்மட்டம் உயரும், உயரத்திலிருந்து வேகம் தெரியும். விமானங்கள் இன்றும் தங்கள் காற்று வேகத்தை அறிவது இந்தப் பிட்டோ குழாயால்தான். சைக்கிளில் இருக்கும் துளையும் அதே வேலையைச் செய்கிறது. காற்று மோதுவதால் துளைக்குள் அழுத்தம் கூடுகிறது, மோதாத இடத்தின் அழுத்தத்தோடு அதை ஒப்பிட்டுக் கழித்தால் காற்று எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

எவ்வளவு நுட்பமான வேலை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நாம் சொன்ன 36 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அழுத்த வித்தியாசம் சுமார் 58 பாஸ்கல்தான். 6 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் அது. நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டலத்தின் அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். ஒரு சாலை மேம்பாலத்தில் 5 மீட்டர் ஏறினாலே வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ இதே அளவு குறைந்துவிடும். அதனால்தான் ஒரே ஒரு அழுத்தத்தை அளந்தால் போதாது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க வேண்டியிருக்கிறது.

காற்றின் அடர்த்தியைக் கண்டுபிடிக்க வளிமண்டல அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் உணரிகள் உள்ளே இருக்கின்றன. கடற்கரையோடு ஒப்பிட்டால் ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 20 சதவீதம் குறைவு. அங்கே சமதரையில் அதே வாட்டுக்கு வேகம் சற்றுக் கூடுதலாக வரும், கருவி இதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

சரிவை அளப்பதுதான் தந்திரமான பகுதி. உள்ளே முடுக்கமானி என்ற உணரி இருக்கிறது. போனைச் சாய்த்தால் திரை திரும்புவதற்குக் காரணமான அதே வகைச் சில்லு. சைக்கிள் மேல்நோக்கிச் சாய்ந்தால் அது உணரும். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. நீங்கள் சமதரையில் வேகத்தைக் கூட்டினாலும் அதற்கு ஏற்றம் ஏறுவது போலவே தெரியும், பிரேக் பிடித்தால் இறக்கம் போலத் தெரியும். இரண்டையும் அதனால் பிரிக்க முடியாது. அந்த இடத்தில் சக்கரத்தில் தனியாக மாட்டும் வேக உணரி உதவிக்கு வருகிறது. வேகம் உண்மையில் எவ்வளவு மாறியது என்பது சக்கரத்திலிருந்து தெரிந்துவிடுவதால், முடுக்கமானி சொல்வதிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது உண்மையான சரிவு. சக்கர உணரி இல்லாமல் இந்த வகை மீட்டர் ஏன் ஓடாது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். வேகம் காட்டுவதற்கு மட்டுமல்ல, சரிவைச் சுத்தப்படுத்துவதற்கும் அது வேண்டும்.

ஆகப் பெட்டி அளப்பது காற்றின் மோதல், காற்றின் அடர்த்தி, சாய்வு, வேகம், வேக மாற்றம். நீங்கள் சொல்லிக்கொடுப்பது எடை, சக்கரச் சுற்றளவு, டயர், ஓட்டும் நிலை பற்றிய விவரம். அளந்ததும் சொன்னதும் சேர்ந்துதான் வாட் வருகிறது.

ஆப் காட்டும் வாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆப்பும் பில்களைத்தான் கூட்டுகிறது, அந்தப் பாதி உண்மை இங்கே இருக்கிறது. உங்கள் எடை, ஜிபிஎஸ் வேகம், வரைபடத்தில் உள்ள ஏற்ற இறக்கம் எல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் பெரிய பில்லான காற்றுக்கு அது ஒரு ஊகத்தைத்தான் எழுதிக்கொள்கிறது. உங்கள் முகத்தில் அந்த நொடி அடிக்கும் காற்று அதற்குத் தெரியாது.

தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் பாய்கிற காலத்தில் அங்கே ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அந்தக் காற்றில் வாளையாறு நோக்கி மிதிப்பதும் அங்கிருந்து திரும்பி வருவதும் இரண்டு வேறு விளையாட்டு. நம் 80 கிலோ ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். தரை வேகம் அதே 36 கிலோமீட்டர். காற்று இல்லையென்றால் 223 வாட். விநாடிக்கு 3 மீட்டர், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர் அளவுக்கு எதிர்க்காற்று அடித்தால், அதே வேகத்தைத் தக்கவைக்க 350 வாட் வேண்டும். அதே காற்று முதுகில் அடித்தால் 129 வாட் போதும். மூன்று நிலையிலும் ஆப் 223ஐ ஒட்டித்தான் சொல்லும். துளையுள்ள கருவியோ 350ஐயும் 129ஐயும் பிரித்துச் சொல்லும், ஏனென்றால் மோதும் காற்றை அது நேராக அளக்கிறது.

மணிக்கு 11 கிலோமீட்டர் என்பது பலத்த காற்றுகூட இல்லை, இலைகள் அசையும் அளவுதான். அதற்கே இவ்வளவு வித்தியாசம். குழுவில் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டி ஓட்டும்போதும் இதேதான். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வதால் உங்களுக்குச் செலவு குறைகிறது, அந்தக் குறைந்த மோதல் துளைக்கும் தெரிகிறது, ஆப்புக்குத் தெரியாது. மலையில் மட்டும் ஆப் ஓரளவு நியாயமான எண் தரும். காற்றின் பங்கு அங்கே சில வாட்தான் என்பதை மேலே பார்த்தோம்.

எங்கே தவறும்?

இந்தக் கருவியை நான் விரும்புகிறேன், ஆனால் அதன் பலவீனங்களை மறைத்து விற்பவர்கள்தான் அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தார்கள் என்று நினைக்கிறேன். பிழை வரும் இடங்கள் தெரிந்துவிட்டால் எண்ணை எப்போது நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

மிகப் பெரிய எதிரி சாய்வு. 1 சதவீதச் சரிவு என்பது கோணத்தில் அரை டிகிரியைவிடச் சற்றே அதிகம். கருவியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் அந்த அளவுக்கு நழுவினால் உங்கள் கண்ணுக்கு நிச்சயம் தெரியாது. ஆனால் கருவி சமதரையை 1 சதவீத ஏற்றம் என்று நினைத்துக்கொண்டு, நம் உதாரண வேகத்தில் 78 வாட்டைக் கூடுதலாகச் சேர்த்துவிடும். மறுபக்கம் நழுவினால் அதே அளவு குறையும். குண்டும் குழியுமான சாலையில் ஓட்டிவிட்டு வந்தபின் திடீரென்று நீங்கள் பலசாலி ஆகிவிட்டதாகத் தெரிந்தால், கிளாம்பைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது உடம்பின் நிலை. கருவி மோதும் காற்றை அளக்கிறது, உங்கள் முகப்பரப்பை அளப்பதில்லை. பிரேக் லீவரிலிருந்து கையை எடுத்து ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்தால் சிடிஏ குறைகிறது. 0.32 என்பது 0.29 ஆனது என்றால் உண்மைச் செலவு 206 வாட்தான், கருவி பழைய நிலையையே நினைத்துக்கொண்டு 223 என்று காட்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். மழைக்கோட்டு படபடத்தாலும் அப்படித்தான்.

சாலையின் மேற்பரப்பும் உண்டு. வழுவழுப்பான தேசிய நெடுஞ்சாலையிலிருந்து சொரசொரப்பான கிராமச் சாலைக்கு இறங்கினால் டயருக்கான செலவு இதே வேகத்தில் 20 வாட்டுக்கு மேல்கூட ஏறலாம். நீங்கள் ஒருமுறை சொன்ன சாலையைத்தான் கருவி நினைவில் வைத்திருக்கிறது. எடையும் அப்படியே. 10 கிலோ தவறாகக் கொடுத்தால் நாம் பார்த்த மலை ஏற்றத்தில் 19 வாட் தவறும். ஒரு தண்ணீர் பாட்டில் காலியானதால் பெரிய மாற்றம் வராது, அதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. பிரேக் கட்டை சக்கரத்தில் உரசிக்கொண்டிருந்தாலோ செயின் எண்ணெய் இல்லாமல் காய்ந்திருந்தாலோ, அதற்கு உங்கள் கால் செலவழிப்பது இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பில் அதன் கைக்கு வருவதே இல்லை. கிராங்க் மீட்டர் அதையும் பிடித்துவிடும்.

அப்புறம், வீட்டுக்குள் ட்ரெய்னரில், அதாவது சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க வைக்கும் தாங்கியில், மாட்டி ஓட்டும்போது இது பயன்படாது. அங்கே எதிர்க்காற்றும் இல்லை, ஏற்றமும் இல்லை, சைக்கிள் நகர்வதே இல்லை. வாங்கும் முன் இதை யோசித்தே ஆக வேண்டும், மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் ஓட்டுகிறவருக்கு இந்த வகை ஏற்றதல்ல.

சுருக்கமாக: சமதரையில் வேகமாகப் போகும்போது சாய்வுப் பிழையும் உடம்பு நிலையும்தான் எண்ணைக் கெடுக்கும். மலையில் எடை சரியாக இருந்தால் எண் நன்றாக இருக்கும். தன் கண்ணுக்குப் படாத செலவுகளை அது ஒருபோதும் காட்டாது.

எப்படிப் பொருத்துவது, எப்படிப் பழக்குவது?

கிளாம்பை இறுக்கமாகப் பூட்டுங்கள், பூட்டியபின் தொடாதீர்கள். துளைக்கு முன்னால் விளக்கோ போனோ பிரேக் கேபிளோ வரக் கூடாது, காற்று தடையில்லாமல் வந்து மோத வேண்டும். தூசியும் மழைநீரும் துளையை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடையைக் கொடுக்கும்போது உடம்பு எடையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சைக்கிள், உடை, ஷூ, ஹெல்மெட், பாட்டில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு எடைமேடையில் ஏறி நில்லுங்கள். சக்கரச் சுற்றளவையும் டயருக்கு ஏற்ப மாற்ற வேண்டும். 25 மில்லிமீட்டர் டயருக்குப் பொதுவாக 2105 மில்லிமீட்டர், 32க்குச் சுமார் 2155.

பிறகு பழக்கும் ஓட்டம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும்படி ஒரு சாலையில் போய்வாருங்கள் என்று இந்தக் கருவிகளுக்குச் சொல்வது ஏன் என்பது பலருக்கும் புரியாத விஷயம். காரணம் அழகானது. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால், ஏறியதும் இறங்கியதும் சமம். மொத்த உயர மாற்றம் பூஜ்ஜியமாக இருந்தே ஆக வேண்டும். கருவியின் சாய்வுக் கணக்குப்படி ஏதாவது மிஞ்சினால், அது சாலையின் சரிவல்ல, கருவி மாட்டப்பட்டிருக்கும் கோணம். அதைக் கழித்துவிட்டால் சாய்வுப் பிழை தீர்ந்தது. காற்றும் அப்படியே, போகும்போது எதிர்த்தது திரும்பும்போது தள்ளும், அதனால் காற்று உணரியையும் சக்கர வேகத்தோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்ய முடிகிறது. இந்த ஓட்டத்தில் அடிக்கடி பிரேக் பிடிக்காமல், ஒரே நிலையில் உட்கார்ந்து ஓட்டுவது நல்லது. கருவியை வேறு சைக்கிளுக்கு மாற்றினால் மறுபடியும் செய்ய வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்?

மூன்று நான்கு சைக்கிள் வைத்திருக்கிறவர்களுக்கும், கிராங்கை மாற்ற முடியாத சைக்கிள் வைத்திருக்கிறவர்களுக்கும் இது நல்ல வழி. மிதி எது, கிராங்க் எது, கார்பனா உலோகமா என்பதெல்லாம் இதற்குப் பொருட்டே இல்லை. இடது கால் எவ்வளவு, வலது கால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் மட்டும் மிதிப் பக்கம் போக வேண்டும்.

பயிற்சிக்குத் துல்லியத்தைவிட ஒரே மாதிரி இருப்பது முக்கியம் என்பது என் கருத்து. ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட்டை எஃப்டிபி என்பார்கள், பயிற்சி அளவுகள் எல்லாம் அதன் சதவீதமாகத்தான் சொல்லப்படும். அந்த எஃப்டிபியையும் இதே கருவியில்தான் அளந்தீர்கள் என்றால், அது எப்போதும் 8 வாட் கூடுதலாகக் காட்டினாலும் உங்கள் பயிற்சி கெடாது. நண்பரின் கிராங்க் மீட்டர் எண்ணோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதுதான் வீண்.

இரண்டு வகையையும் ஒரே சைக்கிளில் மாட்டுகிறவர்கள் உண்டு, அது காசை வீணாக்குவது அல்ல. கிராங்க் மீட்டரிலிருந்து மொத்தச் செலவு தெரியும். ஏற்றம், டயர், வேக மாற்றம் ஆகியவற்றின் செலவையும், மோதும் காற்றின் வேகத்தையும் ஹேண்டில்பார் கருவி சொல்லும். மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்தால் மிஞ்சுவது காற்றுக்கான செலவு, அதிலிருந்து உங்கள் சிடிஏ வந்துவிடுகிறது. பவர்பாடுக்குப் பின் வந்த ஏரோபாட் இதற்காகவே செய்யப்பட்டது. முழங்கையை உள்ளே இழுத்தால் எத்தனை வாட் மிச்சம், ஹெல்மெட்டை மாற்றினால் எத்தனை வாட் மிச்சம் என்று காற்றுச் சுரங்கத்துக்குப் போகாமல் சாலையிலேயே பார்த்துவிடலாம்.

வாங்கியவர்கள் செய்து பார்க்க ஒரு சோதனை. கேடன்ஸ் உணரியை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறீர்கள் என்று சொல்லும் உணரியைக் கொஞ்ச நேரம் துண்டித்துவிடுங்கள். அது இருந்தால் மிதிக்காதபோது கருவி தானாகவே 0 போட்டுவிடும். வண்டி இல்லாத ஒரு மென்மையான இறக்கத்தில், உங்கள் வழக்கமான நிலையில் உட்கார்ந்து, பிரேக்கும் பிடிக்காமல் மிதிக்காமல் சைக்கிளை உருள விடுங்கள். கால் ஒன்றும் கொடுக்காததால் எண் 0ஐ ஒட்டியே இருக்க வேண்டும். 40, 50 என்று நின்றால் சாய்வோ சிடிஏயோ தவறு, மறுபடியும் போய்வந்து பழக்குங்கள். குறைத்துக் காட்டும் பிழையை மட்டும் இதில் பிடிக்க முடியாது, பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதையும் திரை 0 என்றே காட்டும். அதற்கு, எடையைச் சரியாகக் கொடுத்துவிட்டு ஒரு நீண்ட மலை ஏற்றத்தில், தெரிந்த உயரத்தை எத்தனை நிமிடத்தில் ஏறினீர்கள் என்று பார்த்து நீங்களே கணக்குப் போடலாம்: மொத்த எடையைக் கிலோவில் எடுத்து 9.81ஆல் பெருக்கி, ஏறிய உயரத்தை மீட்டரில் எடுத்து அதோடு பெருக்கி, ஆன விநாடிகளால் வகுத்தால் ஏற்றத்துக்கான வாட் வரும். 80 கிலோவோடு 300 மீட்டரை 30 நிமிடத்தில் ஏறினால் அது 131. டயருக்கும் காற்றுக்கும் செயினுக்கும் சேர்த்துக் கருவி காட்டும் சராசரி அதைவிட 20 வாட் போல மேலே இருந்தால் சரியாகத்தான் வேலை செய்கிறது.